வேட்டையாடும் ஈ

ஈ என்ற சொல்லைக் கேட்டதும் எம் மனத்தில் எழுவது உணவுப் பண்டங்களை மொய்க்கும் வீட்டு ஈயின் உருவமே. எம் நாட்டு வழக்கில் அதனை இலையான் என்போம். விரட்டினால் பறந்து, கையை எடுத்ததும் மீண்டும் அதே இடத்தில் வந்து அமரும் அச்சிற்றுயிரைக் கண்டு நாம் அருவருப்படைவோமேயன்றி வியப்படைவதில்லை. எளியனவற்றைக் குறிக்க 'ஈ எறும்பு' என்று சேர்த்துச் சொல்வதும் எம்மவர் வழக்கம். ஆனால் அதே ஈக்களின் குலத்திலே, குளவியையும் தேனீயையும் சிலபோது தும்பியையுங்கூட வானிலே பாய்ந்து பற்றி, ஒரே குத்தில் செயலறச் செய்து, உள்ளிருப்பதை உறிஞ்சிக் குடிக்கும் வேட்டைக்காரர் கூட்டமொன்று உண்டு என்றால் வாசகருட் பலர் நம்பத் தயங்குவர். அவ்வேட்டைக்காரரைக் காண்பதற்குக் காடு மலைகளுக்குச் செல்லவேண்டியதில்லை. வெயில் ஏறிய முற்பகலில் தோட்டத்து வேலியிலே துருத்தி நிற்கும் காய்ந்த கதியால் நுனியிலோ, வெறுந்தரையிலே கிடக்கும் சுள்ளியிலோ, ஆடாமல் அசையாமல் அமர்ந்திருப்பதை உற்று நோக்குவோர் காணலாம்.

எமது கல்லூரியில் விலங்கியல் பயிலும் மாணாக்கன் ஒருவன் அத்தகைய பூச்சியொன்றைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்தான். நீண்டு ஒடுங்கிய உடலுடைய அப்பூச்சி, தன் கால்களிடையே தேனீயொன்றை இறுக அணைத்திருந்தது. அடைபட்ட பின்னரும் இரையை விட்டபாடில்லை. வகுப்பிலே உடனே வாதம் எழுந்தது. தும்பி என்றான் ஒருவன். குளவி என்றான் மற்றொருவன். கால்நடைகளின் குருதியைக் குடிக்கும் மாட்டு ஈ என்றனர் வேறு சிலர். போத்தலைக் கொடுத்தனுப்பியவர் அம்மாணாக்கனின் தந்தையார். வீட்டுத் தோட்டத்திலே தேனீப் பெட்டிகள் சில வைத்துப் பேணி வருபவர். மறுநாள் அவரே நேரில் வந்தார். "பேர் எதெண்டாலும் இருக்கட்டும் மாஸ்ரர். உது என்ர தேனீயளைத் தின்னுற சாதியோ? ஓமெண்டால் இண்டைக்கே மருந்தடிச்சுப் போடுவன்" என்றார்.

அவருக்கு வேண்டியது இரண்டாவது வினாவுக்கு விடை. எனினும் முதலாவதை விடுத்து இரண்டாவதற்குச் செல்லுதல் இயலாது. இன்ன பூச்சி என்று துணிந்தாலன்றி, பிறர் நூறாண்டுகளாகக் கண்டு எழுதிவைத்தவற்றுள் எது இதற்குப் பொருந்தும் என்று எவ்வாறு அறிவது?

முதலிற் செய்யவேண்டியது சிறகுகளை எண்ணுதல். தும்பிக்கு நான்கு சிறகுகள். குளவிக்கும் தேனீக்கும் நான்கே. குளவியின் பின்சிறகு நுண்ணிய கொளுக்கிகளால் முன்சிறகோடு பிணைந்திருப்பதால் இரண்டுபோலத் தோன்றுவதுண்டு. ஊசிமுனையால் மெல்ல விலக்கினால் உண்மை வெளிப்படும். ஈக்களுக்கோ இரண்டே சிறகுகள். பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், நுனி திரண்ட சிறு காம்புகள் இரண்டு உள்ளன. பறக்கும்போது உடல் எப்பக்கம் திரும்புகின்றது, எவ்வளவு சாய்கின்றது என்பதை உணர்த்தும் உறுப்புகள் அவை. இவ்வமைப்பினால் நுளம்பும் ஈக்களின் உறவினமே ஆகின்றது. தேனீயோ, பெயரளவில் ஈயாயினும், எறும்புக்கும் குளவிக்கும் உறவானது. தமிழிலே பெயரிட்ட முன்னோர் விலங்கியற் பரீட்சைக்குத் தோற்றியவர் அல்லரே! அவர்களை நாம் நோவதற்கில்லை.

போத்தலிலிருந்த பூச்சிக்கு இரண்டு சிறகுகளே இருந்தன. ஆகவே தும்பியும் குளவியும் கழிந்தன. எஞ்சியது மாட்டு ஈ. இதனை விலக்குவதற்குப் பூச்சியின் முகத்தை நேருக்கு நேர் நோக்கவேண்டும். மாட்டு ஈயின் பெருங்கண்கள் தலை முழுவதையும் மூடியன; ஆணிடத்தில் அவை ஒன்றையொன்று தொட்டும் நிற்கும். வேட்டை ஈயின் கண்களோ எப்போதும் விலகியே நிற்பவை. அவ்விரு கண்களுக்கும் நடுவே, தலையின் உச்சி பள்ளமாகத் தாழ்ந்திருக்கும். அப்பள்ளத்திலுள்ள சிறு மேட்டில் தனிக்கண்கள் மூன்று உள்ளன. முன்னின்று பார்த்தால், இரு கரைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டியது போன்ற தோற்றம். அதன் கீழே, வாய்க்கு மேலாக, அடர்ந்த முரட்டு மயிர்களாலான மீசையொன்று இருக்கும். இது அழகுக்கு அமைந்ததன்று. கால்களிடையே துடித்துத் திமிறும் இரையின் நகங்களும் கொடுக்கும் கண்ணையும் முகத்தையும் தாக்காதபடி காக்கும் வேலி என்றே பூச்சியியலார் கருதுகின்றனர். கூனிய நெஞ்சறை, முட்கள் செறிந்த நீண்ட கால்கள், வலிய கூரிய வாய்க்குழல், பெரும்பாலும் பின்னோக்கி ஒடுங்கிச் செல்லும் வயிறு ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளலாம். எனினும் தலைப்பள்ளமும் மீசையும் ஒருங்கே காணப்பட்டால் வேறு சான்று வேண்டியதில்லை.

இக்குடும்பத்திற்கு விலங்கியலார் வழங்கும் பெயர் அசிலிடே என்பதாகும். சுவீடன் நாட்டு லின்னேயசு 1758 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இவற்றுட் சிலவற்றை அசிலசு என்ற பெயரின்கீழ் வைத்தார். விந்தை யாதெனில், இலத்தீன் மொழியில் அச்சொல் கால்நடைகளைத் துன்புறுத்தும் ஈயைக் குறிப்பது! எம் மாணாக்கர் செய்த மயக்கத்திற்கு இலத்தீன் மொழியிலேயே துணை இருக்கின்றது. ஆங்கிலத்தில் இவற்றைக் கொள்ளைக்காரன் எனப் பொருள்படும் 'றொபர்' என்ற சொல்லோடு சேர்த்து வழங்குவர். எமக்கு அப்பெயர் உவப்பாயில்லை. பிறர் சேர்த்துவைத்த பொருளைக் கவர்பவனே கொள்ளைக்காரன். இதுவோ தானே தேடித் தானே பிடித்து உண்பது. வேட்டை ஈ என்றே நாம் இங்கு வழங்குவோம்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வேட்டை ஈக்கள் 7,000 இனங்களுக்கும் மேற்பட்டவை. சில மில்லிமீற்றரே நீளமுடைய நுண்ணியனவும் உண்டு. 5 சதமமீற்றரைத் தாண்டுவனவும் உண்டு. அமெரிக்கரான பிராங்க் ஹல் உலகின் வேட்டை ஈக்கள் அனைத்தையும் வகைப்படுத்த முற்பட்டு 1962 இல் வெளியிட்ட நூல் இரு பெரும் பகுதிகளாக விரிந்தது. கீழைத்தேய இனங்களைப் பற்றி அதற்கு முன்னரே, பிரித்தானிய அரும்பொருளகத்துச் சேகரிப்புகளை ஆராய்ந்து எழுதியவர் கேர்ட்றூட் றிக்காடோ அம்மையார். பெண்கள் விஞ்ஞானத் துறையில் அரிதாகவே இடம்பெற்ற அக்காலத்தில் அவர் ஆற்றிய பணி எம் மாணவிகள் அறியத்தக்கது. இன்ன குடும்பம் என்று காண்பது எளிது. இன்ன இனம் என்று துணிவதற்கோ சிறகு நரம்புகளின் ஓட்டத்தையும் ஆண் பூச்சியின் வயிற்று நுனி உறுப்புகளையும் நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கவேண்டும். தேனீ வளர்ப்பவரின் வினாவுக்கு விடை காணக் குடும்பமே போதுமானதாக இருந்தது.

இனி அதன் வேட்டையை நோக்குவோம். வேட்டை ஈ இரையைத் தேடி அலைவதில்லை. வெயில் படும் இடமொன்றைத் தேர்ந்து காத்திருக்கும். மேலே ஏதேனும் பறந்தால் தலை சட்டென்று அதன் பக்கம் திரும்பும். கழுத்து மெல்லியதாகையால் தலையைத் தாராளமாகத் திருப்ப அதனால் இயலும். பின்னர் ஒரு பாய்ச்சல், ஒரு ரீங்காரம், பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே மீளுதல். இவையெல்லாம் எமது கண்ணுக்கு ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிகின்றன.

அந்த ஒரு கணத்துள் நிகழ்வதை 2017 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும் விரைவுப் படக்கருவிகளால் பதிந்து வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் வாழும் ஹொல்கோசெபலா என்ற சிறிய வேட்டை ஈ. அதன் உடல் ஒரு நெல்மணியளவும் இல்லை. மெல்லிய நூலிலே சிறு மணியைக் கோத்து அதன் முன்னே இழுத்தனர். ஈ அதனை இரையென்று எண்ணிப் பாய்ந்தது. ஆனால் மணி அக்கணத்தில் இருந்த இடத்தை நோக்கி அது பாயவில்லை. மணி வந்து சேரப்போகும் இடத்தை நோக்கியே பாய்ந்தது. கடலோடிகள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எதிரே வரும் கப்பல் எம் கண்ணுக்கு ஒரே திசைக்கோணத்தில் நிலைத்திருக்குமாயின், இரு கப்பல்களும் மோதுவது உறுதி. மாலுமி அம்மோதலைத் தவிர்க்க முயல்கின்றான். வேட்டை ஈ அதனையே நாடுகின்றது. ஏறத்தாழ 29 சதமமீற்றர் தொலைவுக்குள் நெருங்கியதும் அது தன் வேகத்தைத் தணித்து, வளைந்து, இரையின் போக்கோடு தன் போக்கை இசைத்துக்கொண்டு பின்புறமாகச் சென்று பற்றுகின்றது. இத்தகைய செயலுக்குத் துணையாவது அதன் கூட்டுக்கண். கண்ணின் நடுப்பகுதியிலுள்ள வில்லைகள் ஓரத்திலுள்ளவற்றைவிட மிகப் பெரியவை. உடலிற் பன்மடங்கு பெரிய தும்பியின் கண்வில்லைகளோடு ஒப்பிடத்தக்கவை. மணல் துணிக்கையளவான மூளையொன்று இத்துணை நுண்ணிய கணக்கைச் செய்வதை நினைக்க, கணிதபாடத்திற்கு அஞ்சும் எம் மாணாக்கர் வெட்கங் கொள்ளல் வேண்டாம். வியப்புக் கொண்டாற் போதும்.

பற்றிய இரையை முட்கள் செறிந்த கால்கள் கூடைபோல் அணைத்துக்கொள்ளும். அடுத்து வாய்க்குழல் பாய்கின்றது. எங்கே? வன்மையான ஓட்டில் குத்துவதால் பயனில்லை. தலையும் நெஞ்சறையும் இணையும் மென்மையான கழுத்திலோ, கண்ணிலோ, உடல் வளையங்களின் இடுக்கிலோ அது குத்தும். வண்டுகளுக்கு முன்சிறகுகள் கவசமாய் மூடியிருப்பினும், பறக்கும்போது அவற்றை விரித்தே ஆகவேண்டும்; அப்போது முதுகின் மென்பகுதி திறந்துகிடக்கும். வானில் வைத்து வேட்டையாடுவதன் நயம் இதனாலும் விளங்கும். குத்திய அக்கணமே நஞ்சு கலந்த உமிழ்நீர் உட்செல்கின்றது. அது நரம்புகளைச் செயலறச் செய்வதோடு உள்ளுறுப்புகளையும் கரைக்கின்றது. 2018 இல் ஐரோப்பிய வேட்டை ஈக்களின் நஞ்சை ஆராய்ந்தோர், அதிலே முன்னர் அறியப்படாத புரதங்கள் பல இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு இக்குடும்பத்தின் பெயரையொட்டி அசிலிடின் என்று பெயரிட்டனர். கரைந்த குழம்பை ஈ உறிஞ்சிக் குடிக்கின்றது. சிறிய இரையாயின் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரியதாயின் நெடுநேரம் செல்லும். அமெரிக்காவில் வாழும் ஒருசாரன, ஒரு காலால் தளிரைப் பற்றித் தொங்கிக்கொண்டே ஏனைய கால்களால் இரையைத் திருப்பித் திருப்பி உண்ணும். மனிதரை இவை நாடி வந்து கடிப்பதில்லை. ஆயினும் கையாற் பிடித்து நசுக்க முற்பட்டால் குத்தும், அவ்வலி இலேசானதன்று.

இவை உண்பது யாது என்பதைக் காண்பதிலே ஆய்வாளருக்கு ஒரு வசதி உண்டு. பல்லி தான் பிடித்த பூச்சியை முழுதாக விழுங்கிவிடுகின்றது. பின்னர் அதன் வயிற்றை ஆராய்ந்தாலன்றி அறிய வழியில்லை. வேட்டை ஈயோ உள்ளீட்டைக் குடித்துவிட்டு ஓட்டை அப்படியே போட்டுவிடுகின்றது. ஓடு சிதையாதாகையால் இரையின் இனத்தையும் பெயரையும் கூறிவிடலாம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல்ட்டன் இதனை நன்கு பயன்படுத்தினார். இரையோடு பிடிபட்ட ஈக்களை, ஈயும் இரையும் பிரியாதவாறு ஒருங்கே குத்தி வைத்தனர். பல நாடுகளிலிருந்தும் வந்த அத்தகைய இணைகளை ஆராய்ந்து 1906 இல் அவர் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். பிரித்தானிய இனங்களைப் பற்றி ஹொபி என்பார் 1931 இல் எழுதினார். தேனீயைக் கொல்லும் வேட்டை ஈக்களை மாத்திரம் தனியே எடுத்து அமெரிக்காவில் புரொம்லி என்பார் 1930 இல் எழுதினார்.

இவர்களது பட்டியல்களைப் புரட்டினால் வேட்டை ஈ எதைத்தான் உண்ணாது என்று கேட்கத் தோன்றும். ஈக்கள், தத்தும் வெட்டுக்கிளிகள், வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள், குளவிகள், சிறகுடைய எறும்புகள், தும்பிகள், சிலந்திகள் என்று அது நீளும். பிற வேட்டை ஈக்களும் அதில் இடம்பெறும். தன்னினத்தையே பிடித்துண்ணல் இக்குடும்பத்தில் அரிதன்று. பெரும்பாலானவை பறந்து செல்லும் எதனையும், அளவு பொருந்தினால், பாய்ந்து பற்றும். ஒருசில இனங்களே குறித்தவொரு வகையை மிகுதியாக நாடுவன.

இங்கே ஒரு நுட்பத்தை மாணாக்கர் கவனித்தல் நன்று. போத்தலில் அகப்பட்ட ஈயின் காலிடையே தேனீ இருந்தது. அதுகொண்டு, அந்த ஈயின் உணவு தேனீ என்று முடிவுகட்டலாமா? ஒருவர் ஒருநாள் பலாப்பழம் உண்ணக் கண்டோம் என்பதால் அவர் பலாப்பழத்தாலேயே உயிர்வாழ்பவர் என்று சொல்வோமா? மேலும் ஒன்று. சிறு பூச்சியை ஈ விரைவில் உறிஞ்சி எறிந்துவிடும்; பெரிய இரையையோ நெடுநேரம் வைத்திருக்கும். ஆகவே நாம் காணும் வேளையில் அதன் பிடியில் பெரிய இரை இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. தேனீ வளர்ப்பவர் நிற்பதும் தேனீக்கள் நடமாடும் இடத்திலேயே. வாழைத்தோட்டத்தில் நின்று பார்த்திருந்தால் வேறு இரையைக் கண்டிருப்பார்.

ஆயினும் அவரது அச்சம் ஆதாரமற்றது என்று நாம் கூறமாட்டோம். தேனீயை நாடும் வேட்டை ஈக்கள் உள்ளன. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே மலோபரா என்ற பெருத்த மயிரடர்ந்த வகையைத் தேனீக்கொல்லி என்றே வழங்குகின்றனர். தேனீயைப் போன்றே தோற்றமளிப்பது அதன் சிறப்பு. ஆசிய, ஆபிரிக்க வெப்ப நாடுகளில் வாழும் ஹைப்பெரேக்கியா என்பதோ மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டின் உருவை அச்சாகக் கொண்டது. அதன் குடம்பி அக்கருவண்டின் மரத்துளைகளுக்குள்ளேயே வாழ்ந்து அதன் புழுக்களை உண்கின்றது. நாம் போத்தலிற் கண்டதோ ஒல்லியான உடலுடையது. இவ்விரண்டினுள் ஒன்றும் அன்று.

அவரிடம் நாம் கூறியது இதுவே. வேட்டை ஈ ஒருமுறைக்கு ஒரு தேனீயையே கொண்டுபோகின்றது. கூட்டினுள் அது நுழைவதில்லை, அடையைத் தொடுவதில்லை. நல்ல நிலையிலுள்ள கூட்டில் இராணி நாள்தோறும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. அடையைத் துளைத்து அழிக்கும் மெழுகு அந்துப்பூச்சியும், வாயிலில் வந்து நிற்கும் பெருங்குளவியும், எறும்புமே கூட்டையே குலைக்கவல்லவை. கவலைப்படவேண்டின் அவற்றுக்கே படவேண்டும். மருந்தோ ஆள் பார்த்துக் கொல்வதில்லை. வேலியிலும் செடியிலும் அடிக்கும் பூச்சிகொல்லியினால், அங்கு பூவை நாடிச் செல்லும் தேனீக்களே திரள்திரளாக மடியும். ஒரு தேனீயைக் காக்க ஒரு கூட்டைப் பலியிடுவது எந்தக் கணக்கு? அவர் சற்று யோசித்து, "அப்ப உதுகள் ஒண்டிரண்டு நிக்கட்டும் எண்டுறியள்" என்றார். பெட்டிக்கு அண்மையில் பலவாகக் கூடினால் வலையாற் பிடித்தகற்றுமாறும், மருந்தை நாடாதிருக்குமாறும் கூறியனுப்பினோம்.

கணக்கின் மறுபக்கம் மண்ணுக்கடியில் இருக்கின்றது. வேட்டை ஈயின் குடம்பிகள் மண்ணிலோ உக்கிய மரத்திலோ வாழ்பவை. பல இனங்களின் குடம்பிகள் அங்குள்ள வண்டுப் புழுக்களையும் பிற பூச்சிகளின் புழுக்களையும் உண்டு வளர்கின்றன. ஆர்ஜென்டீனாவின் புல்வெளிகளிலே வாழும் மலோபரா இனமொன்று இதற்குத் தக்க உதாரணம். வளர்ந்த ஈ தேனீக்களைக் கொன்று தேன் வளர்ப்போருக்குப் பெரும் தொல்லை கொடுக்கின்றது. ஆனால் அதன் பெண் செய்வதைப் பாருங்கள். உயர்ந்த புற்றாளின்மீது, ஒன்றேகால் மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரையான உயரத்தில் முட்டைத்திரளை ஒட்டிவைக்கின்றது. பொரித்த குடம்பிகளைக் காற்று அள்ளிச் சென்று தரையிலே தூவுகின்றது. அவை மண்ணுட் புகுந்து, பயிர் வேரை அரிக்கும் வெண்புழுவை மோப்பத்தால் தேடிக் கண்டு, அதன் உடலின்மீது ஒட்டி உண்டு கொல்கின்றன. அங்குள்ள தேன் வளர்ப்பவருக்கு அது பகை. அடுத்த காணியிலே பயிரிடுபவருக்கு அது நட்பு. இருவரும் ஒருவராயின் என் செய்வது என்பது எம்மாலும் தீர்க்கவொண்ணாத வழக்கு.

பிரித்தானியாவிலோ இவ்வழக்கு வேறுவிதமாய்த் திரும்பியுள்ளது. 1758 இல் லின்னேயசு பெயரிட்ட, பெருங்குளவியைப் போன்று மஞ்சளும் கருமையும் கொண்ட வேட்டை ஈ அங்கு அருகிவருகின்றது. மேய்ச்சல் நிலங்களிலே சாணத்தின்மீது அமர்ந்து, சாணவண்டுகளையும் வெட்டுக்கிளிகளையும் பிடிப்பது அதன் இயல்பு. மாடுகளுக்குக் குடற்புழு நீங்கக் கொடுக்கும் சில மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, அதிலே வளரும் பூச்சிகளின் குடம்பிகளைக் கொல்லுகின்றன. வண்டு குறைந்தால் வண்டை உண்பதும் குறையுமன்றோ? மாட்டுக்குக் கொடுத்த மருந்து ஈயின் பட்டினிக்குக் காரணமாகலாம் என்று எவரும் முன்னர் எண்ணியிருக்கமாட்டார்.

இவற்றைக் காண விரும்பும் மாணாக்கர் வலையோடு ஓடவேண்டியதில்லை. வெயில் நன்கு ஏறிய வேளையில் வேலியோரமாக மெல்ல நடந்து, தனித்து நிற்கும் குச்சிகளின் நுனியை நோக்குக. பறந்துசென்ற ஈ பெரும்பாலும் அதே குச்சிக்கோ அண்மையிலுள்ள ஒன்றுக்கோ திரும்பும். ஆகவே விலகி அமர்ந்து காத்திருந்தாற் போதும். உமது நிழல் அதன்மீது விழாதிருக்கட்டும். குச்சியின் கீழே வெள்ளைத்தாள் ஒன்றை விரித்துவைத்தால், உறிஞ்சி எறியப்பட்ட ஓடுகள் சில அதன்மேல் விழக்கூடும். அவற்றை நாளும் நேரமும் குறித்துத் தீப்பெட்டியிலே சேர்த்து வைக்குக. காற்று வீசும் நாளில் தாளின் நான்கு மூலைகளிலும் கல் வைக்க மறவற்க.